தடையோடு முடியாத வேலை

2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி மக்களவையில் அறிமுகமான இணைய விளையாட்டு மசோதா, மறுநாள் மாநிலங்களவையையும் தாண்டி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், அது திறமை சார்ந்ததா அதிர்ஷ்டம் சார்ந்ததா என்று பார்க்காமல், அந்தச் சட்டம் தடை விதித்தது. அடுத்த சில நாட்களில் பெரிய ரம்மி, போக்கர், ஃபேன்டசி கிரிக்கெட் நிறுவனங்கள் தங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் இறங்கியது. இந்த ஆட்டங்களால் 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் பறிபோகிறது என்று மத்திய அரசு கணக்குச் சொன்னது.

ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். ஆடியவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவர் பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அல்ல என்று அரசு விளக்கம் தந்தது. தமிழ்நாடு முன்பு இயற்றிய சட்டத்தில் ஆடியவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. செயலி மூடப்பட்ட மறுநாள் காலையிலும் அவர் தலையில் கடன் இருக்கிறது, வீட்டில் சொன்ன பொய்கள் இருக்கின்றன, விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்ற அரிப்பு அப்படியே இருக்கிறது.

சூதாட்டப் பழக்கத்தைக் குறைக்க உலகம் கையாண்டு பார்த்த வழிகளை மூன்று வகையாகச் சொல்லலாம்: சட்டத்தால் கட்டுப்படுத்துவது, கல்வியால் எச்சரிப்பது, சிக்கியவரை மீட்பது. தமிழ்நாட்டில் முதலாவதைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை அவ்வப்போது தொட்டுவிட்டு விடுகிறோம். மூன்றாவதை ஏறக்குறைய தொடங்கவே இல்லை. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டின் அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். 1968இல் தொடங்கிய அரசுப் பரிசுச் சீட்டு, பிற மாநிலச் சீட்டுகளும் சேர்ந்துகொள்ள, பேருந்து நிலையங்களிலும் டீக்கடை வாசல்களிலும் சரம் சரமாகத் தொங்கியது. அன்றாடக் கூலி அங்கேயே கரைவதைக் கண்டு, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. அந்தத் தடை நன்மையே செய்தது. கண்ணெதிரே தொங்கும் சீட்டு மறைந்தாலே வாங்கும் கைகள் பாதியாகிவிடும். ஆனால் பக்கத்துக் கேரளத்தில் 1967 முதல் அரசே நடத்தும் லாட்டரி தொடர்ந்தது. அதன் முடிவில் வரும் கடைசி எண்களை வைத்துப் பந்தயம் கட்டும் ‘மூணு நம்பர்’ ஆட்டம் நம் ஊர்களில் திருட்டுத்தனமாக வேரூன்றியது. அதற்குச் சீட்டுகூடத் தேவையில்லை. ஒரு துண்டுக் காகிதம் போதும், பிறகு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும் என்றானது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த ஆட்டத்தில் பணத்தைத் தொலைத்துக் கடனில் விழுந்த ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில் குழந்தைகள் உட்பட ஐந்து பேர் மாண்டார்கள். தடைச் சட்டம் வந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்து ரம்மி வந்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட இளைஞர்களின் கைபேசியில் அது பரவியது. 2020 நவம்பரில் எடப்பாடி பழனிசாமி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2022 ஜூனில் ஸ்டாலின் அரசு முன்னாள் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது, அந்த மாதமே அறிக்கை வந்தது. அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் இரண்டாம் முறை நிறைவேற்றியபோது, நாற்பதுக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டதாக அவையில் சொல்லப்பட்டது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலில் வைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனை ஆண்டு வழக்கும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தது: ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? 1967இல் உச்ச நீதிமன்றம், பதின்மூன்று சீட்டு ரம்மியில் நினைவாற்றலும் சீட்டைச் சேர்க்கும், கழிக்கும் திறனும் முக்கியம் என்றது. 1996இல் தமிழ்நாடு அரசுக்கு எதிரான வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமையே என்றது. இணைய நிறுவனங்கள் இந்தத் தீர்ப்புகளைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. நான்கு நண்பர்கள் திண்ணையில் ஆடும் ரம்மிக்குச் சொன்ன தீர்ப்பு, நாளெல்லாம் மூடாத, ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டணம் எடுக்கும் ஒரு வணிகத்துக்கும் பொருந்துமா என்பதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். சம திறமை உள்ள இருவர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி ஆடுகிறார்கள், நடத்தும் நிறுவனம் மொத்தத்தில் 10 சதவீதம் கட்டணம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ரூபாயில் 20 போக, வென்றவருக்கு 180 கிடைக்கும். இப்படி நூறு ஆட்டம் ஆடி ஆளுக்கு ஐம்பது வென்றால், இருவரிடமிருந்தும் தலா 1,000 ரூபாய் போயிருக்கும். நிறுவனத்துக்கு 2,000 ரூபாய் வந்திருக்கும். முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்க வேண்டுமானால்கூட நூற்றுக்கு 56 ஆட்டம் வெல்ல வேண்டும். இருவரும் அப்படி வெல்ல முடியாது. ஆக, ஆட்டத்தில் திறமை இருந்தாலும், ஆடுகிறவர்கள் எல்லோரையும் கூட்டிப் பார்த்தால் நட்டம் உறுதி. கொஞ்சம் திறமை இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பலரை மேசையை விட்டு எழவிடாமல் செய்கிறது. சீட்டு சரியில்லை, அடுத்த கை நன்றாக வரும், நான் நன்றாகத்தான் ஆடினேன் என்று தோற்றவர் தன்னையே தேற்றிக்கொள்ள அது இடம் தருகிறது.

இந்தப் பிடிக்குள் விழுந்தவரின் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தால் வழக்கமாக ஒரே வடிவம் தெரியும். மாலையில் 100 ரூபாய். ஒன்பது மணிக்கு 200. பிறகு ஒரு வரவு, 1,500 ரூபாய் வென்றது. அந்த வரவுதான் வினை. பதினொன்றரைக்கு 500, பதினொன்று ஐம்பதுக்கு 1,000, நள்ளிரவு தாண்டி 2,000, பிறகு ஏழு நிமிட இடைவெளியில் இன்னொரு 2,000. நடுவே ஒரு கடன் செயலியிலிருந்து 5,000 ரூபாய் வரவு, அதுவும் நான்கு தவணையில் வெளியே போயிருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு மீதி 38 ரூபாய். பகலில் அதே மனிதர் பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்த்துக் காய்கறி வாங்குபவராக இருப்பார்.

மருத்துவம் இதை ஒழுக்கக் கேடாகப் பார்த்த காலம் மாறி நெடுநாளாகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் இதை நோயாகப் பட்டியலிட்டது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை மதுவோடும் போதைப் பொருளோடும் ஒரே அத்தியாயத்தில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் இதை அடிமைப் பழக்கமாகவே ஏற்கிறது. திருக்குறளின் வைப்புமுறையில் சூது என்ற 94ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கு அடுத்தும் மருந்துக்கு முன்னும் நிற்பது எனக்கு வியப்பாகவே இருக்கும். 2024இல் லான்செட் பொது சுகாதார இதழின் ஆணையம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 8 கோடிப் பெரியவர்கள் சூதாட்டக் கோளாறோடோ, சிக்கலான சூதாட்டப் பழக்கத்தோடோ வாழ்கிறார்கள். ஸ்வீடனில் 2018இல் வந்த ஆய்வு, இந்தக் கோளாறு கண்டறியப்பட்டவர்கள் தற்கொலையால் இறக்கும் விகிதம் பொது மக்களைவிடப் பதினைந்து மடங்கு என்று கண்டது.

மூளை எப்படி ஏமாறுகிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட இறுக்கமாகப் பழக்கத்தை ஒட்டவைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் சென்ற நூற்றாண்டிலேயே காட்டின. ஒரு சீட்டில் தவறிப்போன வெற்றியை மூளை தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. வெற்றிக்குத் துடிக்கும் பகுதிகளே அப்போதும் துடிக்கின்றன என்று 2009இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். இதோடு வேகமும் சேர்கிறது. கோயில் திருவிழாவில் உருட்டும் தாயக்கட்டைக்கும் கைபேசிக்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுதான். தோற்ற வலி உறைப்பதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும். பணம் போடுவதற்கு யூபிஐயில் சில நொடி போதும். மனம் நிதானத்துக்குத் திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியைத்தான் இந்தத் தொழில் விலை கொடுத்து அழித்திருக்கிறது.

அதனால்தான், வெளிநாடுகளில் பலன் தந்த கட்டுப்பாடுகளைப் பார்த்தால், பெரும்பாலும் அவை அந்த இடைவெளியைத் திருப்பிக் கொடுத்தவையாகவே இருக்கின்றன. பிரிட்டனில் பந்தயக் கடைகளில் இருந்த மின்னணு இயந்திரங்களில் இருபது நொடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்ட முடிந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019 ஏப்ரலில் அந்த உச்சவரம்பு 2 பவுண்டாகக் குறைந்தது. 2020இல் கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதைத் தடுத்தார்கள். 2025இல் இணைய ஸ்லாட் ஆட்டங்களுக்கும் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, 25 வயதுக்கு உட்பட்டவருக்கு 2 பவுண்டு என்று வரம்பு வந்தது. இவை எதுவும் ஆடுபவரின் மன உறுதியை நம்பிச் செய்தவை அல்ல.

நார்வேயின் கதை இன்னும் தெளிவானது. 2006இல் அங்கே சூதாட்ட இயந்திரங்கள் காகிதப் பணத்தை ஏற்கக் கூடாது என்றார்கள். 2007 ஜூலையில் தனியார் இயந்திரங்கள் அனைத்தையும் நாட்டிலிருந்தே அகற்றினார்கள். மக்கள் வேறு ஆட்டத்துக்குத் தாவிவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தது. ஆனால் மொத்தச் சூதாட்டமே குறைந்தது, உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளும் சரிந்தன. பின்னர் அரசு நிறுவனம் கொண்டுவந்த புதிய இயந்திரங்களில், அட்டையோடு பதிவு செய்தவர் மட்டுமே, நாளுக்கும் மாதத்துக்கும் விதித்த வரம்புக்குள் மட்டுமே ஆட முடியும். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்தான ஒரு ஆட்டத்தை எடுத்துவிட்டால் எல்லோரும் அதைத் தேடி ஓடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ‘தடை போட்டால் திருட்டுத்தனமாக ஆடுவார்கள், ஆகவே தடை வீண்’ என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சிலர் ஆடுவார்கள். பலர் ஆடமாட்டார்கள். அந்தச் சிலர் யார் என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே ஆழமாகச் சிக்கியவர்களே அவர்கள்.

மத்தியச் சட்டம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு, 2025 பிப்ரவரியில், தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிமுறைகள் இந்தத் திசையில் சென்றன. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குள் நுழைய முடியாது. 18 வயது ஆகாதவருக்கு இடமில்லை, ஆதார் கொண்டு அடையாளம் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் எச்சரிக்கை வர வேண்டும், நாளுக்கும் வாரத்துக்கும் மாதத்துக்கும் செலவு வரம்பு வைக்க வழி இருக்க வேண்டும். நிறுவனங்கள் தனியுரிமையைக் காட்டி வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அந்த நள்ளிரவுத் தடை, மேலே சொன்ன வங்கிக் கணக்கு விவரத்தின் மிக மோசமான பக்கத்தைக் குறிவைத்தது. தோற்றவன் தனியாக, தூக்கமில்லாமல், யாரும் பார்க்காத நேரத்தில் ஆடுவதைத்தான் அது நிறுத்தப் பார்த்தது. இந்த விதிகள் ஓராண்டாவது முழுமையாக நடந்து, அவற்றின் பலனை யாராவது அளந்திருந்தால் நாட்டுக்கே பாடமாக இருந்திருக்கும். அதற்குள் முழுத் தடை வந்துவிட்டது. அந்தத் தடையை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

முழுத் தடையா, கடும் கட்டுப்பாடா என்ற விவாதத்தில் நான் தடையின் பக்கமே சாய்கிறேன். சூதாட்டத் தொழிலின் லாபம் எங்கிருந்து வருகிறது என்பதே காரணம். லாபத்தில் 60 சதவீதம், சிக்கலில் இருக்கும் அல்லது சிக்கலை நெருங்கும் 5 சதவீதம் பேரிடமிருந்து வருகிறது என்று 2020இல் பிரிட்டன் பிரபுக்கள் சபைக் குழு எழுதியது. மிகவும் பாதிக்கப்பட்டவரே மிகச் சிறந்த வாடிக்கையாளர் என்று இருக்கும் தொழிலிடம், அவரைக் காப்பாற்று என்று கேட்பது நடக்கிற காரியமா? ஆனால் தடைக்குப் பிறகு எஞ்சும் வெளிநாட்டுத் தளங்களில் வயது வரம்பு இல்லை, நேர வரம்பு இல்லை, புகார் சொல்ல இடமில்லை. வேறொருவர் பெயரில் எடுத்த வாடகை வங்கிக் கணக்குகள் வழியாகப் பணம் போகிறது. பந்தயத் தளங்களின் பெயரிலேயே ‘செய்தித் தளம்’ என்று விளம்பரங்கள் வருகின்றன. இவற்றை முடக்குவது தொடர்ந்து செய்ய வேண்டிய அன்றாட வேலை. சட்டம் இயற்றிய நாளோடு அது முடிவதில்லை.

விளம்பரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பல ஆண்டுகள் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் ரம்மிக்கும் ஃபேன்டசி ஆட்டங்களுக்கும் அழைத்தார்கள். முடிவில் ஒரு குரல், மூச்சு விடாமல், இதில் நிதி ஆபத்து உண்டு, அடிமையாக்கலாம், பொறுப்போடு விளையாடுங்கள் என்று ஓட்டமாக ஓதிவிட்டுப் போகும். 2020 டிசம்பரில் விளம்பரத் தர மன்றம் விதித்த எச்சரிக்கை அது. ‘பொறுப்போடு விளையாடு’ என்ற சொல்லாடல் உலகெங்கும் தொழிலுக்கு வசதியாக இருந்தது. தோற்றுச் சீரழிந்தால் நீ பொறுப்பில்லாதவன், ஆட்டத்தில் குற்றமில்லை என்று அது பழியைத் திருப்பிவிடுகிறது. சிக்கியவர் வெட்கத்தில் வாய்மூடிக்கொள்வதற்கு இந்தப் பழியும் ஒரு காரணம். ஆஸ்திரேலியா 2023இல் இந்த வாசகத்தைக் கைவிட்டு, நீங்கள் தோற்கப்போகிற வாய்ப்பே அதிகம் என்ற பொருளில் நேரடியான வாசகங்களைக் கட்டாயமாக்கியது. எச்சரிக்கை என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும், அறிவுரை சொல்லக் கூடாது.

பள்ளிக் கல்வியில் என்ன சாத்தியம்? இங்கே எதிர்பார்ப்பை அடக்கிக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் வகுப்பறைத் திட்டங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களின் அறிவு கூடுகிறது, தவறான நம்பிக்கைகள் குறைகின்றன. ஆனால் பிறகு அவர்கள் ஆடுவது குறைந்ததா என்றால், சான்று மெலிந்தே இருக்கிறது. சூது கேடு என்று மேடையில் உறுதிமொழி எடுக்க வைப்பதால் பெரிதாக எதுவும் நடக்காது. நளனையும் தருமரையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. கேடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது கணக்கு. 1913 ஆகஸ்ட் 18ஆம் தேதி மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இவ்வளவு கறுப்புக்குப் பிறகு சிவப்பு வந்தே தீரும் என்று சுற்றுக்குச் சுற்று பணத்தைக் கூட்டிக் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு நினைவு கிடையாது, முந்தைய சுற்று அடுத்ததைத் தீர்மானிக்காது என்பதைப் பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்திலேயே சொல்லித்தரலாம். நாணயம் சுண்டும் கணக்குக்குப் பதிலாக மேலே போட்ட 10 சதவீதக் கட்டணக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்த்தால், அது வாழ்நாளுக்கும் நிற்கும். பெற்றோருக்கும் பாடம் தேவை. பிள்ளை ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் இருப்பதும், உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் பணம் கட்ட அவை பழக்குவதும் பலருக்குத் தெரிவதில்லை.

பிரச்சாரம் என்றால் சிங்கப்பூர் நினைவுக்கு வருகிறது. 2014 கால்பந்து உலகக் கோப்பையின்போது அங்கே சூதாட்டச் சிக்கலுக்கான தேசிய மன்றம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. நண்பர்கள் நடுவே ஒரு சிறுவன் முகம் வாடி, ஜெர்மனி ஜெயிக்க வேண்டும், என் சேமிப்பு முழுவதையும் அப்பா அதில் கட்டியிருக்கிறார் என்கிறான். அந்த ஆண்டு கோப்பையை ஜெர்மனியே வென்றுவிட்டது. நாடே அதைப் பேசியது. மன்றம் விளம்பரத்தைத் திருத்தி வெளியிட்டது: பணம் திரும்பி வந்ததா என்று நண்பன் கேட்க, இல்லை, அப்பா இன்னொரு முறை கட்டப் போகிறார் என்கிறான் சிறுவன். முதல் விளம்பரத்தைவிட இரண்டாவதே உண்மையைத் தொட்டது. இந்த நோயில் வெற்றியால் எதுவும் முடிவதில்லை.

அதே சிங்கப்பூர் 2010இல் இரண்டு சூதாட்ட விடுதிகளைத் திறந்தபோது, உள்ளூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைய நாளுக்கு 100 வெள்ளி கட்டணம் வைத்தது. 2019இல் அதை 150 ஆக்கியது. நம் கவனத்துக்குரியது அதன் விலக்கு ஆணை. ஒருவர் தன்னையே விலக்கி வைக்கும்படி எழுதிக் கொடுக்கலாம். மனைவியோ பெற்றோரோ மன்றத்திடம் விண்ணப்பித்து அவருக்கு விலக்கு பெறலாம். திவாலானவரும் அரசு உதவித்தொகை பெறுபவரும் தானாகவே விலக்கப்படுகிறார்கள். தன்னால் முடியாத நேரத்தில் குடும்பம் கதவைச் சாத்த அங்கே சட்டம் வழி தருகிறது. தமிழ்க் குடும்பங்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ளும், ஏனென்றால் இங்கே கடனை அடைப்பது கடைசியில் குடும்பம்தான்.

அங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள், நல்ல மனதோடு, தவறிப்போகின்றன. மகன் அழுதுகொண்டு உண்மையைச் சொல்லும் நாளில், பெரும்பாலும் பாதி உண்மையை, அம்மா தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்து அடகுக் கடைக்கு அனுப்புகிறாள். அப்பா வீட்டு மனையை விற்று மொத்தமாக அடைக்கிறார். சத்தியம் வாங்கிக்கொள்கிறார்கள். சில மாதத்தில் புதிய கடன் வருகிறது. கடன் தீர்ந்தது அவனுக்கு நோய் தீர்ந்ததாகாது. மறுபடி கட்டுவதற்கு வழி திறந்ததாகவே மனம் எடுத்துக்கொள்ளும். கடனை அடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன்காரருக்கே நேராகக் கட்ட வேண்டும். எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வைக்க வேண்டும், கைமாற்று வாங்கியதும் மீட்டர் வட்டியும் உட்பட. சம்பளக் கணக்கை அவர் சம்மதத்தோடு மனைவியோ அண்ணனோ கூட்டாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். யூபிஐ தினசரி வரம்பைக் குறைக்க வேண்டும். இதை எல்லாம் அவமதிப்பாகச் செய்யாமல், சிகிச்சையின் பகுதியாகச் செய்ய வேண்டும்.

சிகிச்சை இருக்கிறது, பலனும் தருகிறது என்பதைத்தான் நம் மக்கள் அறியவே இல்லை. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்கே இதில் வலுவான சான்று உண்டு. ஆடத் தூண்டும் நேரம், இடம், மனநிலை எவை என்று கண்டுபிடித்து, அந்த அரிப்பு எழுந்து அடங்கும் வரை தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். சில மாதங்களில், பத்துப் பதினைந்து அமர்வுகளில் நடக்கக்கூடிய வேலை இது. மருந்துகளில் நால்ட்ரெக்சோன் சிலருக்கு உதவுகிறது. மனச்சோர்வு, குடி இவை கூட இருந்தால் அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய, பெயர் சொல்லாமல் கூடும் சூதாட்டக்காரர் குழுக்கள் பலரைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. லண்டனில் 2008இல் ஒரேயொரு தேசியச் சிகிச்சையகம் இருந்தது. இப்போது இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் பதினைந்து இருக்கின்றன. 2025 முதல் சூதாட்ட நிறுவனங்களிடமிருந்து கட்டாய வரி பிடித்து, ஆராய்ச்சிக்கும் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் அந்த நாடு செலவிடுகிறது. அங்குள்ள வங்கிகளின் செயலியில் ஒரு பொத்தானைத் தட்டினால் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் போவது நிற்கும். திரும்பத் திறக்க வேண்டுமானால் காத்திருக்க வேண்டும்.

இங்கே? பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இல் தொழில்நுட்ப அடிமைப் பழக்கத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் வந்தன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, குடிநோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்பதை நெடுங்காலமாகச் செய்துகாட்டிவருகிறது. ஆக, அடித்தளம் இல்லாமல் இல்லை. மதுவுக்கும் கஞ்சாவுக்கும் பயிற்சி பெற்ற அதே ஆலோசகருக்குச் சூதாட்டத்துக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும், மையத்தின் பலகையில் அதையும் எழுத வேண்டும். பணமில்லை என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபர் முதல் தடை வரும் வரை இணைய ஆட்டத்தில் கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வசூலானது. தோற்ற குடும்பங்களின் பணம்தான் அது, அதில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு.

கடன் ஆலோசனையும் இதோடு சேர வேண்டும். மருத்துவர் மனதைச் சரிசெய்து அனுப்பும் மனிதரை வாசலில் வசூல்காரர் மடக்கினால், அவர் மறுபடி ஆட்டத்தைத்தான் தேடுவார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. கடன் செயலிகளின் மிரட்டலையும் கந்துவட்டியையும் எதிர்கொள்ள அந்த உதவியை மனநலப் பிரிவோடு இணைக்க ஓர் அரசாணை போதும்.

மறைந்திருப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். குடித்தவரைப் போல இவர் தள்ளாடுவதில்லை, வாடை வருவதில்லை. இதற்கு மருத்துவ உலகில் இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது. பந்தயத் தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை நெருங்கியவரிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று அவர்களிடம் சொல்லும் முப்பது வயதுக்காரரிடம் இந்த இரண்டையும் தனியாக, மெதுவாகக் கேட்க அவர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி போதும். ஆம் என்றவருக்கு, கட்டணமில்லாமல் நாளெல்லாம் தமிழிலும் பேசும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவர் கைபேசியிலேயே அழைத்துக் கொடுத்துவிட்டு, மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எந்த நாள், எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டில் எழுத இன்றைக்கு ஒரு பெயரும் அறையும் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறதா என்று சுகாதாரத் துறை முதலில் சரிபார்க்கட்டும்.